பதிமூன்றாம் நாள் நின்ற விக்கல்

என் வக்கீலம்மாவுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ இங்கிருந்து புறப்பட்டுப் போய் இன்றோடு மூன்று மாதமும் நாலு நாளும் ஆகின்றன. அதற்கு முந்தைய ஆறு வருடத்தையும் சேர்த்தால் நான் உன்னிடம் பேசாமல் சேர்த்து வைத்தது ஒரு மூட்டை தேறும். வழக்கமாக அம்மாதான் எழுதுவாள், கடைசி வரியில் அப்பாவும் உன்னை விசாரித்தார் என்று போடுவாள், அது அவளாகச் சேர்த்தது, நான் விசாரித்ததே இல்லை. இப்போது விசாரிக்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, நாள் முழுக்கக் குனிந்து நின்று வேலை பார்க்கிறவளுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்காது, அதை யாரிடம் காட்டுகிறாய்? இங்கே நாங்கள் இருவரும் சுகம். அறுவைக்காக வயிற்றில் போட்ட நாலு துளையும் ஆறி, இப்போது தேடினால்தான் தெரிகின்றன. அம்மாவுக்கு வலது முழங்கால் மட்டும் மாடிப்படியில் முணுமுணுக்கிறது. லிப்ட் பழுதாகி ஐந்து வாரம் ஆகிறது, சங்கச் செயலாளர் என்று ஒரு மனிதர் மூன்றாம் மாடியில் இருக்கிறாரே, அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதத்தை அவர் விலாசத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும், விடு. உன் மாமா டயர் கடைக்குப் புதிதாகக் காற்றடிக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறார், அதன் சத்தத்தில் பக்கத்துத் தையல்காரர் தினமும் ஒரு சட்டைக்குக் கை மாற்றித் தைக்கிறாராம். எனக்கு விக்கல் திரும்ப வரவில்லை. போன மாதம் ஒருநாள் மிளகாயைக் கடித்து நாலு விக்கல் வந்தது, அந்த நாலுக்கே அம்மா உனக்குப் போன் போட ஓடினாள், ஐந்தாவது வருகிறதா பார், பிறகு போடலாம் என்று பிடித்து நிறுத்தினேன்.

நீ வந்தபோது பார்த்தது கடைசி நாலு நாள்தான். அதற்கு முந்தியதும், நீ இங்கே இருந்தபோது என் மனதுக்குள் ஓடியதும் உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது, அதனால் பொறுமையாகப் படி. பித்தப்பையை எடுத்த இரண்டாம் நாள் காலையில், மருத்துவமனைக் கட்டிலில் தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியபோது முதல் விக்கல் வந்தது. தண்ணி குடிங்க சரியாயிடும் என்றாள் நர்ஸ். குடித்தேன். அன்று மாலைக்குள் அந்த வார்டில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டார்கள், மூச்சை அடக்கு, சர்க்கரையை வாயில் போடு, குனிந்து டம்ளரின் எதிர் விளிம்பில் குடி என்று. தையல் போட்ட வயிற்றோடு எப்படிக் குனிவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உன் மாமா பார்க்க வந்தார். யாரு அத்தான் உங்களை இப்படி விடாம நினைக்கிறது என்று கேட்டார். என்னை நினைக்கிறவங்க யாரு இருக்காங்க, திட்டுறவங்கதான் இருக்காங்க, அவங்க ஷிப்டு போட்டுத் திட்டுறாங்க போல, அதான் நிக்கவே மாட்டேங்குது என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துத் தன் தையலைப் பிடித்துக்கொண்டார். விக்கல் தொடங்கிய நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அதோடுதான். ஆறாம் நாள் உன் மாமா ஒரு பழைய டியூபைக் காற்றடித்துக் கொண்டுவந்து, சத்தம் போடாமல் என் நாற்காலிக்குப் பின்னால் வைத்து வெடித்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது, அம்மா கையிலிருந்த தட்டு விழுந்தது, எனக்கு ஒரு நொடி நெஞ்சே நின்றது, விக்கல் நிற்கவில்லை. இவருக்கு விக்கலு கூட பிடிவாதம்க்கா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். உன்னை அந்த ஊசிப் படிப்புக்கு ரயில் ஏற்றிவிட்டவர் அவர்தான் என்பதை நான் ஆறு வருடமாக மறக்கவில்லை, அன்றும் மறக்கவில்லை.

விக்கலை எல்லோரும் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நிமிடத்துக்குப் பதினாறு முறை யாரோ உள்ளேயிருந்து கயிற்றைப் பிடித்து இழுப்பது போல, சாப்பிட முடியாமல், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் ஒரு வாரம் இருந்து பார்த்தால்தான் தெரியும். பதினாறு என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். எண்ணினேன். காலை எட்டு, பகல் ஒன்று, மாலை ஆறு, மூன்று வேளையும் கைக்கடிகாரத்தை வைத்து ஐந்தைந்து நிமிடம் எண்ணி ஒரு நோட்டில் எழுதினேன். எடை போடும் மனிதனுக்கு வேறு என்ன தெரியும். எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் எங்கள் மருந்துச் சோதனைக்கூடத்துக்கே போனேன், வீட்டில் உட்கார்ந்து எண்ணுவதைவிட அங்கே வேலை பார்க்கலாம் என்று. எங்கள் தராசு அறையை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், கல் மேடை, இரட்டைக் கதவு, உள்ளே தும்மக் கூடாது, பேசக் கூடாது என்று சொன்னதும் நீ மூச்சையே பிடித்துக்கொண்டு முகம் சிவந்து நின்றாயே அந்த அறை. மாத்திரைத் தூளைத் தட்டில் வைத்து எண் நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். என் விக்கலுக்கு மேடையே அதிர்ந்தது, எண் நிலைக்கவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தலைவர், ரப்பர் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோமே அவர்தான், கதவைத் திறந்து, உங்க விக்கலையும் சேத்தே எடை போட்டுடுவீங்க போல சார், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பயிற்சி கொடுத்தவர்கள் அவர்கள்.

ரப்பர் கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாய். ஏழு அளவீட்டில் ஆறு ஒத்துவந்தது, ஒன்று விலகி நின்றது, அந்த ஒன்றைச் சேர்த்தால் அந்த மருந்து தேறாது. அதை அழித்துவிடுங்கள் என்று அப்போதைய மேலாளர் சொன்னார், நான் மாட்டேன் என்றேன், எனக்கு இளையவர் அழித்தார், தலைவரும் ஆனார். ஒன்பது வருடம் ஆயிற்று. இந்த வீட்டில் சோறு போட்டால் அந்தக் கதையும் கூடவே பரிமாறப்பட்டது. அதே மேசையில்தான் நீ மூன்றாம் வருட மருந்தியல் படிப்பை விட்டுவிட்டு அக்குபஞ்சர் படிக்கப் போகிறேன் என்று சொன்னாய். எடை போட முடியாத ஒன்றைப் படிக்கப் போகிறாளாம் என்று உன்னிடம் சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன். பிறகு யார் கேட்டாலும், பொண்ணு என்ன பண்றா என்றால், ஊசி குத்துறா என்று மட்டும் சொல்வேன், கேட்டவர் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டால் திருத்த மாட்டேன். அம்மா திருத்துவாள்.

டாக்டர் முதலில் கொடுத்த மாத்திரை என்னை நடைப்பிணமாக்கியது, விக்கலைத் தவிர என் உடம்பில் மற்ற எல்லாம் தூங்கின. ஒன்பதாம் நாள் அதை நிறுத்தச் சொன்னார். பத்தாம் நாள் காலையில் நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன், வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், இதுக்குக் கேக்குதான்னு மூணு நாள் பாப்போம் என்றார். மருந்துக் கடை வாசலிலேயே முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் உன் பை. அம்மா எனக்குத் தெரியாமல் உன்னை வரவழைத்திருந்தாள். இரண்டு நாள் ரயிலில் வந்த முகத்தோடு நீ எழுந்து நின்று, எப்படி இருக்கீங்கப்பா என்றாய், நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், விக்கல்தான் பதில் சொன்னது. அடுத்து நீ கேட்டது, இப்ப என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்டதில்லை, நானே சொல்கிறேன். எங்கள் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேரும் ஆளுக்கு ஒரு பரீட்சை உண்டு. எங்களுக்கு விடை தெரிந்த ஒரு மாதிரியை, மற்ற மாதிரிகளைப் போலவே சீட்டு ஒட்டி, அவற்றோடு கலந்து அவன் மேசையில் வைத்துவிடுவோம். அவனிடம் சொல்ல மாட்டோம். கணக்கு வருகிறதா என்று பார்ப்பதற்கு அல்ல அது. சந்தேகம் வந்தால் சந்தேகம் என்றே எழுதுகிறானா, இல்லை நமக்குப் பிடிக்கும் என்று அழகாக ஓர் எண்ணைப் போட்டுத் தருகிறானா என்று பார்ப்பதற்கு. நான் அந்த மாத்திரை அட்டையை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்து வைத்தேன். உன் மேசையில் நான் வைத்த மாதிரி நானேதான். விக்கல் நின்றால் நீ உன் ஊசியால் நின்றது என்று சொல்வாய், உடனே அட்டையை எடுத்துக் காட்டலாம், ஆறு வருடத்துக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பெற்ற மகளுக்குப் பொறி வைத்த தகப்பன் நான். எழுதிப் பார்த்தால் கை கூசுகிறது, இருந்தும் எழுதத்தான் வேண்டும்.

வந்தவுடன் ஊசியை எடுப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ எடுக்கவில்லை. என் அறுவை சிகிச்சைத் தாள், இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாய். விக்கல் இத்தனை நாள் நீடித்தால் அது வேறு ஏதோ ஒன்றின் அறிகுறியாகவும் இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் தொட மாட்டேன், டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் என்று அம்மாவிடம் சொன்னாய். அம்மாவுக்கு ஏமாற்றம், வந்ததும் வராததுமா குத்திடுவேன்னு பாத்தா இவளும் டாக்டரைத் தேடுறாளே என்றாள். மறுநாள் காலையில் நீ மட்டும் போனாய். திரும்பி வந்து, டாக்டர் சரின்னு சொல்லிட்டார்பா, பயப்படும்படி ஒண்ணும் இல்ல, சாயங்காலம் ஆரம்பிக்கலாம் என்று மட்டும் சொன்னாய். எனக்கு உள்ளுக்குள் வெற்றிச் சிரிப்பு. என் மாத்திரை பத்திரமாக இருக்கிறது என்று.

அந்த மூன்று மாலையும் நான் உன் முகத்தைப் பார்த்ததைவிட உன் கையைத்தான் அதிகம் பார்த்தேன். குற்றம் தேடித்தான் பார்த்தேன். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு என்னைச் சாய்த்து உட்காரவைத்தாய், கையைக் கழுவினாய், துடைத்த துணியைத் தொட்டுவிட்டோம் என்று மறுபடி கழுவினாய். ஒவ்வொரு ஊசியையும் புதிதாகக் காகிதம் கிழித்து எடுத்தாய், ஒன்று என் சட்டை நுனியில் பட்டுவிட்டது, யாரும் கவனிக்கவில்லை, நீ அதைக் குப்பை டப்பியில் போட்டுவிட்டு வேறு எடுத்தாய். எங்கள் சோதனைக்கூடத்தில் யாரும் பார்க்காதபோது அப்படிச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அளந்து இரண்டு நரம்புக்கு நடுவே ஒன்று, முழங்காலுக்குக் கீழே நாலு விரல் அளந்து ஒன்று, காது மடலில் ஒன்று, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. வயிற்றுப் பக்கமே போகவில்லை, புண் ஆறட்டும் என்றாய். போடும்போது ஆறு என்று வாய்விட்டு எண்ணினாய், எடுக்கும்போதும் ஆறு என்று எண்ணினாய். முதல் நாள் இடது கையில் குத்தும்போது எனக்கு விக்கல் தூக்கிப் போட்டது, மறுநாள் அந்த இடத்தில் நாவல்பழம் போல இரத்தம் கட்டியிருந்தது. அதை நான் அம்மாவிடம் காட்டினேன். உன்னிடம் காட்டவில்லை, நீயே பார்த்தாய்.

பதிமூன்றாம் நாள் மாலை, மூன்றாவது முறை ஊசி போட்டிருந்தபோது விக்கல் நின்றது. ஊசியை எடுத்தபிறகும் வரவில்லை. பத்து நிமிடம், அரை மணி, வரவே இல்லை. அம்மா அழுதுகொண்டே என் நெஞ்சில் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். உன் மாமா கடையிலிருந்து ஓடிவந்து, பாத்தீங்களா அத்தான், நான் ரயில் ஏத்திவிட்ட பொண்ணு என்று கூடத்தின் நடுவில் நின்று கைதட்டினார். அப்போதுதான் நான் கண்ணாடிக் கூட்டைத் திறந்து அட்டையை எடுத்து மேசைமேல் போட்டேன். பத்தாம் நாளிலேர்ந்து இதைச் சாப்பிடுறேன், நிறுத்தினது இதுதான், ஊசியில்ல என்றேன். பதிமூன்று நாளில் நான் விக்காமல் சொல்லி முடித்த முதல் வாக்கியம் அது. மாமா கையைக் கீழே போட்டார். சீ, என்னங்க நீங்க என்றாள் அம்மா. நீ அட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், ஆமாப்பா, இருக்கலாம் என்றாய். அவ்வளவுதான். உன் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் எழுத உட்கார்ந்தாய். தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் நீ புறப்பட்டபோது நான் படிக்கட்டு வரைக்கும் வரவில்லை. பேச்சும் அதோடு நின்றது.

போன வாரம் நீ வேலை பார்க்கும் அக்குபஞ்சர் நிலையத்தின் முதலாளியிடமிருந்து எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. நீ சொல்லியிருக்க மாட்டாய், உனக்குத் தெரியாமல்தான் அனுப்பியிருக்கிறார். உள்ளே அச்சடித்த ஒரு தாள், கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. எட்டு மருத்துவர்கள் கைவிட்ட, இருபத்தொரு நாள் விடாத என் விக்கலை மூன்றே ஊசியில் நிறுத்தினார்கள் என்று நானே சொல்வது போல. மருத்துவர் ஒருவர், நாள் பதிமூன்று, ஊசி பதினெட்டு. ஒரே வாக்கியத்தில் மூன்று எண், மூன்றும் தப்பு, ரப்பர் கூட இவ்வளவு துணிய மாட்டார். கூடவே ஒரு கடிதம். உங்கள் மகள் நல்ல கைராசிக்காரி, ஆனால் பிழைக்கத் தெரியாதவள், சொந்தத் தகப்பனைக் குணப்படுத்தியதைக்கூட வெற்றி என்று எழுத மறுக்கிறாள், அவள் எழுதிய குறிப்பின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டு மாதக் கடைசிக்குள் அனுப்பினால் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளையே தலைமையாகப் போடுவதாக இருக்கிறேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று.

அம்மா தாளைப் படித்துவிட்டு, போட்டுக் குடுங்களேன், நம்ம பொண்ணுதானே, நீங்க அவளுக்குச் செஞ்சதுதான் என்ன இருக்கு என்றாள். மாமாவும் வந்திருந்தார். விக்கல் நின்னுச்சா இல்லையா, நின்னுச்சு, அப்புறம் என்ன அத்தான், மூணு பதிமூணுன்னு கணக்கு பாத்துட்டு என்றார். உண்மையைச் சொல்கிறேன், பேனாவைத் திறந்துவிட்டேன். உனக்கு நான் செய்ததற்கு ஈடாக இந்த ஒரு பொய்யாவது சொல்லித் தொலைக்கலாம் என்றுதான் திறந்தேன். அப்போதுதான் அடியில் இருந்த உன் குறிப்பைப் பார்த்தேன். எவ்வளவு பிடிவாதக்காரி என்று காட்டுவதற்காக அவர் வைத்த தாள் அது. அந்த மனிதர் வாழ்க்கையில் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியமும் அதுதான்.

நீ எழுதியது எனக்கு இப்போது மனப்பாடம். நோயாளி ஆண், ஐம்பத்து நாலு வயது, என் தந்தை. பித்தப்பை அறுவைக்குப் பின் தொடர் விக்கல். முதல் ஊசிக்கு ஒரு நாள் முன்பு புதிய மாத்திரை தொடங்கப்பட்டிருக்கிறது, மருத்துவரிடம் கேட்டு அறிந்தது, ஊசியோடு சேர்ந்து தீங்கில்லை என்றும் கேட்டுக்கொண்டேன். முதல் நாள் இடது கையில் ஊசி அரை விரல் தள்ளி விழுந்தது, இரத்தக் கட்டு, தவறு என்னுடையது. பதிமூன்றாம் நாள் விக்கல் நின்றது. மாத்திரையாலா, ஊசியாலா, தானாகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெற்றியாகச் சேர்க்க வேண்டாம்.

பதினோராம் நாள் காலையிலேயே உனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் ஊசி ஏறும் முன்பே நான் பொய் சொன்னது தெரிந்து, தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல், அந்தப் பொய்க்காரனின் கையைத் துடைத்து மூன்று விரல் அளந்திருக்கிறாய். எல்லோர் முன்னாலும் நான் அட்டையைப் போட்டு உன்னைச் சிறுமைப்படுத்தியபோது, எனக்கு மூணு நாளாவே தெரியும்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று அந்தக் கூடத்தில் தலைகுனிந்து நின்றிருப்பவன் நான்தான். நீ சொல்லவில்லை. குறிப்பில்கூட அப்பா மறைத்தார் என்று எழுதாமல் மருத்துவரிடம் கேட்டு அறிந்தது என்று எழுதியிருக்கிறாய். இருபத்தெட்டு வருடத்தில் நான் நாற்பது பேருக்காவது அந்தக் கலந்த மாதிரியை வைத்திருப்பேன். சிலர் அழகான எண் போட்டார்கள், சிலர் சந்தேகம் என்று எழுதினார்கள். இது வைக்கப்பட்ட மாதிரி என்று கண்டுபிடித்தவர் ஒருவர்கூட இல்லை. கண்டுபிடித்தும் வைத்தவன் மானத்தைக் காப்பாற்றியவள் நீ ஒருத்தி. நான் அன்று பகல் சாப்பிடவில்லை, தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், அம்மா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் தராசு அறையில் என்னிடம் வேலை பழகும் பெண் ஒருத்தியிடம், என் பொண்ணு எழுதின குறிப்பு, படிச்சுப் பாரு, இப்படி எழுதணும் என்று கொடுத்தேன். உங்க பொண்ணு எங்க சார் வேலை பாக்குறாங்க என்றாள். அக்குபஞ்சர் பண்றா என்றேன். ஆறு வருடத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து முழுதாக வந்தது அன்றுதான். ரப்பர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் விக்கல் நோட்டின் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் குறிப்பில் அந்த எண்கள் இல்லை, நான் உனக்குக் காட்டவில்லை. பத்தாம் நாள் நிமிடத்துக்குப் பதினாறாக இருந்தது பதினோராம் நாள் பகலிலேயே, நீ ஊசியைத் தொடும் முன்பே, பதினொன்றாகக் குறைந்திருக்கிறது, மாத்திரை வேலை செய்திருக்கலாம். இது உனக்கு எதிரான எண். ஆனால் ஊசி குத்தியிருந்த மூன்று முறையும் விக்கல் இடையில் நின்றிருக்கிறது, முதல் நாள் ஆறு நிமிடம், இரண்டாம் நாள் பதினொன்று, மூன்றாம் நாள் ஒரேயடியாக. அதற்கு முந்தைய பத்து நாளில் நான் உட்கார்ந்து எண்ணிய எந்த வேளையிலும் அது ஒரு முழு நிமிடம்கூட நின்றதில்லை. அதை அப்போதே எழுதிவைத்தேன், எழுதிவிட்டு நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். அழிக்கவில்லை, காட்டவும் இல்லை, ரப்பருக்கும் எனக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. மூன்று தடவையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, உனக்கும் தெரியும். இருந்தாலும் மூன்று தடவை நடந்தது நடந்ததுதான், உன் குறிப்போடு சேர்த்துக்கொள். அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை, புரிந்தது போல நடிக்கவும் மாட்டேன், உன்னோடு அதைப் பற்றிச் சண்டை போட ஆசையாக இருக்கிறது, முன்பு போல அல்ல, நீ சின்ன வயதில் ஒவ்வொன்றுக்கும் வாதாடி வக்கீல் என்று பெயர் வாங்கினாயே அப்படி.

முதலாளியின் தாளில் கையெழுத்துப் போடவில்லை. என் மகள் எழுதிய குறிப்பு சரி, அதில் அழிக்க வேண்டியது எதுவும் இல்லை என்று ஒரே வரி எழுதி, அவர் தாளைக் கையெழுத்து இடம் வெறுமையாகவே திருப்பி அனுப்பிவிட்டேன். கிளைத் தலைமை உன் கையை விட்டுப் போகலாம். அது என்ன வலி என்று எனக்குத் தெரியும், உனக்கு இளையவள் ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்து உன்னையே ரெஸ்ட் எடுங்க என்று சொல்லும் நாள் வரலாம். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபம் வந்தால் கோபித்துக்கொள். ஆனால் போட்டிருந்தால் நீ அந்தக் குறிப்பை எழுதியதற்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், நான் செய்ததைச் செய்யாதே. நான் அந்த ஏழாவது எண்ணை அழிக்காதது சரி, அதில் எனக்கு இன்றும் கர்வம்தான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் சாப்பாட்டு மேசையில் அதையே பிசைந்து உங்கள் எல்லோருக்கும் ஊட்டினேனே, அதுதான் தப்பு. போனால் ஒரு நாள் அழு, இரண்டு நாள் திட்டு, மாமாவுக்குப் போன் போட்டால் அவர் இன்னும் நன்றாகத் திட்டுவார், மூன்றாம் நாள் வேலைக்குப் போ.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், உன்னிடம் வருகிறவர்கள் எழுந்து நடந்து போகும்படி நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் குறிப்பின் நகல் ஒன்றை எடுத்து உன் சொந்தப் பெட்டியில் வைத்துக்கொள், மூலம் அவருடைய அலமாரியில் கிடக்கிறது, மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே செய். அடுத்த விடுமுறைக்கு வரும்போது முன்கூட்டியே ரயிலைச் சொல், ரயிலடிக்கு மாமா வரவேண்டாம், நான் வருகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு வழக்கம்போல் கீழே பெயரும் தேதியும் போடப் பேனாவைக் கொண்டுவந்தேன். உனக்கு வரும் தபாலெல்லாம் நிலையத்தின் முன்மேசை வழியாகத்தான் வருகிறது என்று அம்மா சொன்னாள். உனக்குத் தெரியாமல் உன் குறிப்பை எடுத்து அனுப்பிய மனிதர் இதைப் பிரிக்க மாட்டார் என்று நான் நம்பவில்லை. என் மகளைப் பற்றி நான் பெருமையாக எழுதியதில் இரண்டு வரியை வெட்டி, அடியில் என் கையெழுத்தையும் ஒட்டி, வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட அவருக்கு ஒரு பகல் போதும். கையெழுத்தில்லாத தாளை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. உனக்கு என் எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால் பெயர் போடாமலே மடித்து, உறையை ஒட்டி, இப்போதே போய்த் தபாலில் சேர்க்கிறேன்.